ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து சிவிதாவெக்கியா துறைமுகத்துக்குக் குறைந்த செலவில் செல்வது எப்படி?

நெய்தல்நிலா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் நானும் கணவரும் மாமனார் மாமியாருடன் மத்தியதரைக் கடலில் ஒரு சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். கப்பல் ரோமிலிருந்து புறப்படும் என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவிதாவெக்கியா துறைமுகத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்பது பயணச்சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் விமானம் காலை 9.30 மணிக்கு ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையத்தில் இறங்குகிறது. கப்பல் மாலை 6 மணிக்குப் புறப்படுகிறது, 4.30 மணிக்குள் ஏறிவிட வேண்டும். கப்பல் நிறுவனமே விமான நிலையத்திலிருந்து பேருந்து விடுகிறது. ஆனால் அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்திருப்பதால், நான்கு பேருக்கும் கூட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. எங்களிடம் பெரிய பெட்டிகள் நான்கு இருக்கும். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார், படி ஏறி இறங்கத்தான் சிரமப்படுவார். ரயிலில் போனால் செலவு மிகவும் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தச் சூழ்நிலையில் அது நடைமுறைக்கு ஒத்துவருமா, அல்லது வேறு வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

தண்டவாளன்

வணக்கம். செலவை மட்டும் பார்த்தால் ரயிலுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் எந்த ரயில் என்பதில்தான் பலரும் தேவையில்லாமல் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு வகை ரயில்கள் புறப்படும். விளம்பரப் பலகைகளிலெல்லாம் பெரிதாகத் தெரிவது லியோனார்டோ எக்ஸ்பிரஸ். அது எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் ரோமின் தலைமை நிலையமான தெர்மினிக்குப் போகும். கட்டணம் ஆளுக்கு 14 யூரோ. உங்களுக்கு அது வேண்டாம். மற்றொன்று எஃப்எல்1 என்னும் சாதாரண வட்டார ரயில். அது தெர்மினிக்குப் போகாது. அரைமணி நேரத்துக்குள் திராஸ்தேவெரே என்னும் நிலையத்தில் இறக்கிவிடும். கட்டணம் 8 யூரோ. தெர்மினியிலிருந்து சிவிதாவெக்கியாவுக்குச் செல்லும் எஃப்எல்5 ரயில்களும் அதே திராஸ்தேவெரேயில் நின்றுதான் போகின்றன. எனவே ரோமின் மையத்துக்குப் போய்த் திரும்ப வேண்டிய தேவையே இல்லை. இந்த இரண்டாவது ரயிலுக்கு ஐந்து யூரோவுக்குள்தான் ஆகும். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

ஆக, ஆளுக்கு 13 யூரோவுக்குள் முடிந்துவிடும். தெர்மினி வழியாகப் போனால் 18 யூரோவைத் தாண்டும். அதோடு தெர்மினியில் சிவிதாவெக்கியா ரயில்கள் பெரும்பாலும் மற்ற நடைமேடைகளைத் தாண்டி வெகுதூரம் தள்ளியிருக்கும் நடைமேடைகளிலிருந்து புறப்படுவதால், பெட்டிகளை இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் நடக்கவும் வேண்டும். சீட்டு இயந்திரமோ செயலியோ இரண்டு வழிகளையும் காட்டும்; திராஸ்தேவெரே வழியா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இயந்திரத்தின் அருகில் யாராவது தாமாக வந்து உதவ முன்வந்தால், பணிவாக மறுத்துவிடுங்கள்.

வட்டார ரயில்களின் கட்டணம் முன்பே வாங்கினாலும் அன்றே வாங்கினாலும் ஒன்றுதான்; இருக்கை முன்பதிவும் கிடையாது. விமானம் தாமதமானால் அடுத்த ரயிலில் போகலாம், பணம் வீணாகாது. சலுகை விலையில் முன்பதிவு செய்த நெடுந்தூர ரயில் சீட்டுக்கு இந்த நெகிழ்வு கிடையாது. சிவிதாவெக்கியாவில் நிற்கிறதே என்று அதை வாங்கிவிட வேண்டாம். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையருகே உள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேரமுத்திரை பதிக்க வேண்டும். கைபேசிச் சீட்டு என்றால் செயலியில் 'செக்-இன்' செய்ய வேண்டும். இதை மறந்தால் முறையான சீட்டு கையில் இருந்தாலும் அபராதம்தான். வெளிநாட்டவர் என்பதற்காகப் பரிசோதகர் விட்டுவிடுவார் என்று நம்ப வேண்டாம்.

நங்கூரம்

மேலே நண்பர் எழுதிய விவரங்கள் எல்லாம் சரியானவை. இருவர் முதுகுப்பையுடன் போவதாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் கேள்வி கேட்ட சகோதரியின் நிலை வேறு. படி ஏற இயலாத ஒரு பெரியவரும் நான்கு பெரிய பெட்டிகளும் இருக்கும்போது யூரோவை மட்டும் கணக்கிட்டால் போதாது, பெட்டிகளை எத்தனை முறை தூக்க வேண்டும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

முதல் ரயிலில் ஏற்ற வேண்டும். திராஸ்தேவெரேயில் இறக்கி, நடைமேடைக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதை வழியாக வேறு நடைமேடைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டாவது ரயிலில் மறுபடி ஏற்ற வேண்டும். சிவிதாவெக்கியாவில் இறக்கி, அங்கும் சுரங்கப்பாதையைக் கடந்து வெளியே வர வேண்டும். பிறகு பேருந்தில் ஏற்ற வேண்டும். லிஃப்ட் வேலை செய்யும் என்று நம்பித் திட்டம் போடுவது சரியல்ல. வட்டார ரயில் நிலையங்களில் அறிவிப்பு மாறி, கடைசி நேரத்தில் நடைமேடை எண்ணும் மாறுவது உண்டு. அப்போது கையில் இரண்டு பெட்டிகளுடன் மாமியாரையும் கைப்பிடித்து அழைத்துச் செல்வதை நினைத்துப் பாருங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, நான்கு பேருக்கு ரயிலில் 50 யூரோ அளவில் ஆகும். முன்பதிவு செய்த தனியார் காருக்கு நூறு யூரோவைத் தாண்டத்தான் செய்யும். ஆனால் அது வண்டிக்கான விலை, ஆளுக்கான விலை அன்று. கப்பல் நிறுவனங்களின் பேருந்து ஒருவருக்கு நியாயமாகவும் நால்வருக்கு அநியாயமாகவும் தெரிவதற்கும் இந்த வேறுபாடுதான் காரணம். எட்டுப் பேர் அமரும் வேனின் வாடகை நால்வர் காரைப் போல இரு மடங்கு ஆவதில்லை. அதே நாளில் அதே கப்பலில் ஏறும் இன்னொரு குடும்பத்தைப் பிடித்துவிட்டால், உங்கள் பங்கு ரயில் செலவை நெருங்கிவிடும். பெரும்பாலான கப்பல்களுக்குப் பயணிகளே தொடங்கிய இணையக் குழுக்கள் இருக்கின்றன. கப்பலின் பெயரையும் புறப்படும் தேதியையும் போட்டுத் தேடுங்கள்.

விமான நிலைய வாசலில் நிற்கும் வெள்ளை டாக்ஸியில் போக நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். விமான நிலையத்திலிருந்து ரோமின் பழைய மதிலுக்குள் செல்வதற்கு மாநகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம் உண்டு. கதவில் ஒட்டியிருக்கும் அந்தத் தொகை சிவிதாவெக்கியாவுக்குப் பொருந்தாது. மொத்தத் தொகையைக் கேட்டுக்கொண்ட பிறகே ஏறுங்கள். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று அழைப்பவர்களோடு பேச்சே வேண்டாம்.

நெய்தல்நிலா

இருவருக்கும் மிக்க நன்றி. தூக்கும் கணக்கைப் படித்ததும் கணவர், "ரயில் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் முழுவதும் ஒப்பவில்லை. முதல் நாளே வந்து தங்கிவிட்டு, அவசரமில்லாமல் ரயிலில் போனால் என்ன? இன்னொரு ஐயமும் இருக்கிறது: சிவிதாவெக்கியா ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் பத்து நிமிட நடை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையா?

கலங்கரை

அந்தப் பத்து நிமிடம் பொய்யில்லை, ஆனால் பயனும் இல்லை. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து வலப்புறம் திரும்பிக் கடற்கரைச் சாலையோடு நடந்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மைக்கலாஞ்சலோ கோட்டை தெரியும். அது துறைமுகத்தின் விளிம்பு. அங்கிருந்து பார்த்தால் கப்பலின் புகைபோக்கியும் தெரியும். ஆனால் சொகுசுக் கப்பல்கள் நிற்கும் தளங்கள் பல கிலோமீட்டர் நீளும் அந்தத் துறைமுகத்தின் உட்புறத்தில் இருக்கின்றன. சரக்கு லாரிகளும் சார்தீனியா தீவுக்குப் போகும் பெரிய ஃபெர்ரிகளும் புழங்கும் இடம் அது. பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்து போகக்கூடிய வழியல்ல.

கப்பல் பயணிகள் சென்று சேர வேண்டிய இடம் லார்கோ தெல்லா பாச்சே. துறைமுகத்தின் பயணிகள் சேவை மையம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து கப்பலடிவரை துறைமுகப் பேருந்து இலவசமாக அழைத்துச் செல்லும். ரயில் நிலையத்திலிருந்து அந்த இடத்துக்கு நடக்க இருபது நிமிடங்களுக்குக் குறையாது, பெட்டிகளோடு என்றால் இன்னும் கூடும். நிலைய வாசலிலிருந்தே அங்கு செல்லும் பேருந்து இருக்கிறது. அதற்குச் சிறு கட்டணம் உண்டு. பெட்டிகளை ஏற்ற அந்தப் பேருந்தும், மறுபடி ஏற்ற இலவசப் பேருந்தும் என்று நங்கூரம் சொன்ன தூக்கும் கணக்கில் இன்னும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். கார் அல்லது வேனில் வந்தால் ஓட்டுநர் பொதுவாக முனைய வாசலிலேயே இறக்கிவிடுவார். பெட்டிகளை அங்கே பணியாளர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

முதல் நாள் வருவதைப் பற்றி: பணத்தை மிச்சப்படுத்துவதற்காக என்றால் அதில் பொருளில்லை, ரயிலில் மிச்சமாவதை விட அறை வாடகை பல மடங்கு. ஆனால் வேறொரு காரணத்துக்காக அதை நான் ஆதரிக்கிறேன். விமானச் சீட்டை நீங்களே தனியாக வாங்கியிருந்தால், விமானம் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடிப்பது உங்கள் செலவு. மேலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரின் விரல்ரேகையையும் முகப்படத்தையும் பதிவு செய்யும் புதிய நுழைவு முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. முதல் முறை வருவோருக்கு அங்கே கூடுதல் நேரம் பிடிக்கும். 9.30 மணிக்கு இறங்கினால் பெட்டிகளோடு வெளியே வர 11 மணி ஆகலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 4.30 மணிக்கு நேரம் இருக்கிறது. ஆனால் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் ரயில் உங்களுக்கு உதவாது, கார்தான் உதவும்.

முதல் நாள் வருவதாக முடிவெடுத்தால், ரோமில் தங்காமல் சிவிதாவெக்கியாவிலேயே தங்குங்கள். கப்பல் புறப்படும் நாளில் நீண்ட பயணமே இல்லாமல் போய்விடும். ரயில்தான் என்று உங்கள் மனம் விரும்பினால் அந்த முதல் நாளில் அதைச் செய்யலாம். ஒரு ரயிலை விட்டாலும் அடுத்ததில் போய்க்கொள்ளலாம். லதிஸ்போலியைத் தாண்டியதும் இடப்பக்கச் சன்னலில் கடல் அவ்வப்போது எட்டிப்பார்க்கும். சாந்தா மரினெல்லா நிலையம் வந்ததும் பெட்டிகளைக் கதவருகே நகர்த்திவிடுங்கள், அடுத்து சிவிதாவெக்கியாதான்.

தண்டவாளன்

கலங்கரை சொன்ன முதல் நாள் யோசனையை நானும் ஏற்கிறேன். ரயில் ஆதரவாளன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும்: இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வமானதல்ல. நல்ல வேளையாக, குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் பட்டியலும் வெளியாகும். வேலைநாட்களில் நடக்கும் வேலைநிறுத்தங்களின்போதும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும். உங்கள் விமானம் இறங்குவதோ அந்த இரண்டுக்கும் நடுவில். இரண்டு வாரம் முன்பு ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஞாயிறு, விடுமுறை நாட்களில் விமான நிலைய ரயில்கள் குறைவாக ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெய்தல்நிலா

விமானத் தேதியை மாற்ற இயலாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எங்கள் கப்பலுக்கான குழுவில் ஒரு குடும்பம் அதே காலையில் இறங்குகிறார்களாம், மூன்று பேர். எழுவருமாகச் சேர்ந்து வேன் பதிவு செய்வதாகப் பேசி முடித்திருக்கிறோம். பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

நங்கூரம்

நல்ல முடிவு. எட்டுப் பேர் வேன் என்று சொல்வது இருக்கைக் கணக்கு மட்டுமே. ஏழு பேரின் பெரிய பெட்டிகளும் அதில் அடங்குமா என்பது வேறு கணக்கு. பெட்டிகளின் எண்ணிக்கையையும் அளவையும் எழுத்தில் தெரிவித்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஏ12 நெடுஞ்சாலையின் சுங்கக் கட்டணம் வாடகையில் அடங்குமா என்று கேளுங்கள். இரு குடும்பங்களும் வெவ்வேறு விமானத்தில் வருவதால் இரண்டு விமான எண்களையும் கொடுங்கள். இலவசக் காத்திருப்பு நேரம் எந்த விமானம் இறங்கியதிலிருந்து தொடங்கும், அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு விமானம் மிகவும் தாமதமானால் மற்ற குடும்பம் எத்தனை மணிவரை காத்திருக்கும், அதன் பிறகு வாடகையை எப்படிப் பிரிப்பது என்பதை இப்போதே இரு தரப்பும் பேசி வைத்துவிடுங்கள். விமான நிலையத்தில் நின்றுகொண்டு பேசக்கூடிய விஷயம் அல்ல அது. கப்பலின் பெயரோடு தள எண்ணையும் ஓட்டுநருக்குக் கொடுங்கள். ஒரே நாளில் பல கப்பல்கள் அங்கே நிற்கும், தள எண் புறப்பாட்டுக்குச் சில நாட்கள் முன்புகூட மாறலாம். அதனால் முதல் நாள் இரவு ஒருமுறை சரிபார்த்து அனுப்புங்கள்.