பயணத்தில் ஷேவிங் பிரஷ்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பொதிகைக்காரன் எழுதியது:

ஸ்ரீநகர் செல்லும் வழியில் ஒரு விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் நடந்தது இது. பேட்ஜர் என்ற விலங்கின் முடியால் செய்த என் பிரஷ் கைப்பையில், அதற்குரிய அலுமினியக் குழாய்க்குள் இருந்தது. கைப்பையில் பிளேடு கூடாது என்பதால் அதை எடுத்துச் செல்லவில்லை. சோப்பும் கட்டிச் சோப்புதான். ஆனாலும் அந்தக் குழாயைத் திறந்து காட்டும்படி கேட்டார்கள். காவலர் மிகுந்த மரியாதையுடனேயே நடந்துகொண்டார். மூடியைத் திருகி, பிரஷை வெளியே எடுத்து, வெற்றுக் குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, பிரஷைத் திரும்ப உள்ளே வைக்கும்போது முடிப்பக்கத்தைக் கீழே விட்டு, கைப்பிடியின் அடியில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினார். குழாயின் விளிம்பில் சிக்கிய வெளிவட்ட முடிகள் அப்படியே கைப்பிடிப் பக்கமாக மடிந்து உள்ளே போனதை நான் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், ஒரு நிமிடம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மூடியும் திருகப்பட்டு, அடுத்தவருடைய பை மேசைக்கு வந்துவிட்டது.

வரிசையை விட்டு வெளியே வந்ததும் குழாயைத் திறந்து சரிசெய்தேன். அப்போதே சில முடிகள் நடுவில் ஒடிந்திருந்தன. அறைக்குப் போய் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நுரை எழுப்பிய பிறகு பெரும்பாலானவை நிமிர்ந்துவிட்டன. ஒரு பக்கத்தில் மட்டும் இன்றுவரை ஒரு சிறு பிளவு தெரிகிறது. அந்த விரலின் அழுத்தம் இன்னும் மனத்தைவிட்டுப் போகவில்லை. குழாயைக் கைப்பையில் வைக்காமல், சரக்காக அனுப்பும் பெட்டியில் வைப்பவர்கள் இங்கே யாரேனும் உண்டா?

காவிரிக்கரை எழுதியது:

பொதிகைக்காரன் அவர்களே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மடிந்த முடியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மடிந்த முடி நனைந்தால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். குஞ்சத்தின், அதாவது முடிக்கற்றையின், அடியில் பிடிக்கும் பூசணம் அப்படிப் போவதில்லை.

மேகாலயாவின் சோராவில் (சிரபுஞ்சியில்) ஜூலை மாதத்தில் தங்கியிருந்தேன். அந்த மழையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: தலையணை, சட்டை, தீப்பெட்டி எல்லாமே ஈரமாக இருக்கும். பிரஷுடன் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் குழாயில் காற்று புகுவதற்கு ஒரு துளைகூட இல்லை. சோராவிலிருந்து குவாஹாட்டி வரை காரிலும், அங்கிருந்து சென்னை வரை ரயிலிலுமாக அந்தக் குழாய் மூடியபடியே வந்தது. வீட்டில் மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது வாடை. நனைந்த சாக்கை நாள்கணக்கில் மூலையில் போட்டுவைத்தால் வருமே, அதே வாடை. முடிகளை விரலால் விலக்கிப் பார்த்தபோது, அவை பசையில் பதிந்திருக்கும் இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகப் படர்ந்திருந்தன. முகத்தில் வைக்கும் பொருள் அது. கழுவினேன், வெயிலில் வைத்தேன், வாடை குறைந்தது. அதன்பின் மனம் ஒப்பவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன். குழாயில் காற்று போக துளை வேண்டும் என்பதே என் கருத்து.

தெற்குவாசல் எழுதியது:

எனக்கு நேர்ந்தது சிறியது. காசி யாத்திரையின்போது ரயிலில் என் பைமீது உடன் வந்தவருடைய பித்தளைச் சொம்புகள் நிறைந்த பை ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. குழாய் இல்லாமல் துண்டில் சுற்றி வைத்திருந்த பன்றிமுடி பிரஷ், காசியில் பையைத் திறந்தபோது முடி முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த கணத்தில் இருந்த திகைப்பு இன்னும் நினைவிலிருக்கிறது. கங்கைக் கரையில் அமர்ந்து சவரம் செய்துகொண்டபோது நுரையிலேயே அது சரியாகிவிட்டது.

இங்கு எழுதியிருப்பவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். புறப்படும் நாள் காலையில் பிரஷை நனைக்காமல் இருப்பதே உத்தமம். முந்தைய நாள் காலையோடு நிறுத்திக்கொண்டால், ஒரு பகலும் ஓர் இரவும் காய்வதற்குக் கிடைக்கும். அப்படி முடியாதென்றால், நுரை சிறிதும் மிஞ்சாதபடி ஓடும் நீரில் அலச வேண்டும். சோப்பு தங்கினால் அடியில் ஈரமும் தங்கும். பிறகு குஞ்சத்தை உள்ளங்கையில் பிடித்து மெல்லப் பிழிந்து, ஓங்கி உதறி, உலர்ந்த பருத்தித் துண்டின்மீது முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். முடியைப் பிடித்து இழுப்பதும் முறுக்குவதும் கூடாது; வேரோடு கழன்றுவரும். தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா, நிமிர்த்தி வைக்க வேண்டுமா என்று பலர் வாதிடுகிறார்கள். காற்று படுகிறதா என்பதுதான் முக்கியம். விடுதியில் குளியலறைக்குள் வைக்காமல் வெளியே, மின்விசிறியின் கீழ் வையுங்கள். குளிர்சாதன அறை இன்னும் நல்லது, ஏனெனில் அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடுகிறது.

குழாயில் வைக்கும் முறையும் உண்டு. தடித்த தாள் அல்லது பழைய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் அகலமான ஒரு பட்டையை வெட்டி, முடிகளைச் சேர்த்துப் பிடித்து அதைச் சுற்றிவிட்டால், முடி விரியாமல் ஓர் உறைக்குள் நிற்கும். அதன்பின் கைப்பிடியை முதலில் குழாய்க்குள் இறக்க வேண்டும். அப்போது விளிம்பு முடியை நுனி நோக்கித் தழுவிச் செல்லுமே தவிர, எதிர்த்து மடக்காது. பொதிகைக்காரன் அவர்களின் குழாயில் இப்படி ஓர் உறை இருந்திருந்தால் அந்தக் காவலர் எந்தப் பக்கமாக வைத்திருந்தாலும் சேதம் குறைந்திருக்கும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகக் குழாயிலிருந்து பிரஷை வெளியே எடுத்துவிடுங்கள். குழாய் என்பது வழியில் நசுங்காமல் இருப்பதற்கு மட்டுமே. கொதிநீரில் முக்கிக் கிருமி நீக்குவதாக எண்ணுபவர்களும் இருக்கிறார்கள்; அது முடியையும் கெடுக்கும், அடியிலுள்ள பசையையும் தளர்த்தும். மரக் கைப்பிடியையும் கொம்புக் கைப்பிடியையும் தண்ணீரில் ஊறவிடுவதும் தவறு, வெடித்துவிடும்.

நெய்தல் எழுதியது:

நான் சரக்குக் கப்பலில் பணியாற்றுகிறேன். அரபிக்கடலில், பருவமழைக் காலத்தில், கப்பல் பக்கவாட்டில் உருண்டுகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், கழுவுதொட்டியின் விளிம்பில் நின்ற என் பிரஷ் அறையின் குறுக்கே பறந்து இரும்புக் கதவின் வாசற்படியில் மோதியது. பிசினில் வார்த்த வெண்ணிறக் கைப்பிடி, கழுத்துப் பகுதியில் சுத்தமாக இரண்டானது. குஞ்சம் தனியே உருண்டு என் காலடிக்கு வந்தது. கையில் சோப்புக் கிண்ணத்துடன் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்திரப்படுத்துவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முடியையே பேசுகிறார்கள். கைப்பிடியும் உடையும்.

தெற்குவாசல் ஐயாவின் முறையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பன்றிமுடி தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் முடி. பயன்படுத்துவதற்கு முன் அதை ஊறவைக்கிறோமே, அது இதனால்தான். நாள்தோறும் இடம் மாறுகிறவர்களுக்கு ஒரு பகலும் இரவும் காயவைக்க எங்கே நேரம்? செயற்கை இழை தண்ணீரை உள்ளே ஏற்பதில்லை. உதறித் துடைத்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது, நுரையும் நன்றாகவே எழுப்புகிறது. முன்பு வந்த நைலான் பிரஷ்களின் முரட்டுத்தன்மையை வைத்து இன்றுள்ளவற்றை மதிப்பிட வேண்டாம். இயற்கை முடியை வீட்டில் வைத்துவிட்டு, பயணத்துக்குச் செயற்கை இழையை எடுத்துச் செல்லுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் செயற்கை இழைக்குச் சூடு ஆகாது. முடி உலர்த்தும் கருவியை மிக அருகில் காட்டி இழைகளைச் சுருளவைத்த ஒரு சக ஊழியரை நான் அறிவேன். முடியைப்போல அவை தண்ணீரில் மீள்வதில்லை.

குறிஞ்சிமலர் எழுதியது:

எனக்கு நடந்தது பயணம் முடிந்த பிறகு. ஊட்டியிலிருந்து திரும்பியதும், பிரஷ் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்ற நிம்மதியில், என் கணவர் அதைப் பயணப்பையிலேயே விட்டுப் பையைப் பரணில் ஏற்றிவிட்டார். அடுத்த பயணத்துக்காக இறக்கியபோது, குஞ்சத்தின் ஒரு பக்கம் கத்தரியால் வெட்டியதுபோல் குட்டையாக இருந்தது. தட்டினால் பொடி முடியும், அரிசிமணியைவிடச் சிறிய, ரோமம் அடர்ந்த பழுப்புக் கூடு ஒன்றும் உதிர்ந்தன. கம்பளிச் சால்வையை அரிக்கும் அதே வண்டின் புழுதான் இது. முடியும் கம்பளியும் ஒரே வகைப் புரதம் என்பதால் அதற்கு இரண்டும் உணவு. அந்துருண்டை போடலாம் என்றால் அந்த நெடியை முகத்தில் தாங்க முடியுமா? பரணில் வைப்பதானால், முழுவதும் காய்ந்த பிரஷை இறுக மூடும் டப்பாவில் வைப்பதுதான் வழி என்று நினைக்கிறேன். குழாயில் துளை வேண்டும் என்ற காவிரிக்கரை அவர்களின் கருத்து வழிப்பயணத்துக்குச் சரி. மாதக்கணக்கில் வைப்பதற்கு அதுவே புழுவுக்கு வாசலாகிவிடும்.

குஞ்சத்தைத் திருகிக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, குழிவான கைப்பிடிக்குள்ளேயே திருகி வைக்கும் பயண பிரஷ்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் பழைய ஆங்கிலேயர் காலத்து ஒன்றை என் கணவர் பழம்பொருள் கடையில் பார்த்தார். வாங்கலாமா?

காவிரிக்கரை எழுதியது:

குறிஞ்சிமலர் அவர்களுக்கு: கைப்பிடியை மட்டும் வாங்குவதானால் வாங்குங்கள், அதிலுள்ள பழைய முடியை முகத்தில் வைக்க வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில், போரால் வழக்கமான வணிகப் பாதைகள் அடைபட்டதால், சரியாகக் கிருமிநீக்கம் செய்யப்படாத குதிரைமுடி ஆசியாவிலிருந்து வந்து, பேட்ஜர் முடியைப்போல் தோற்றமளிக்கும் மலிவு பிரஷ்களாக விற்கப்பட்டது. அவற்றால் படைவீரர்கள் உட்படப் பலருக்கு ஆந்த்ராக்ஸ் என்ற, கால்நடைகளிலிருந்து பரவும் கொடிய நோய் தொற்றியது, சிலர் இறந்தார்கள். 1920-இல் பிரிட்டன் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது. அந்த நோயின் வித்துகள் வறண்ட நிலையில் மிக நீண்ட காலம் உயிரோடிருக்கக்கூடியவை. ஒரு பழைய பிரஷில் இருப்பது எந்த முடி, எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதே திருகு அமைப்பில் புதிய பிரஷ்களே கிடைக்கின்றன. ஜெர்மனியின் மியூலே நிறுவனமும் அவ்வகையில் செய்கிறது. அப்படியே கைப்பிடியை வாங்கினால், பழைய குஞ்சத்தை அகற்றிவிட்டுப் புதிய குஞ்சத்தை ஒட்டித்தரும்படி ஒரு கைவினைஞரிடம் கொடுங்கள்.

பொதிகைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாள் உறையை வெட்டிவிட்டேன். அலுமினியக் குழாயில் துளையிடும் எண்ணத்தைக் கைவிட்டு, காலியான மாத்திரை டப்பா ஒன்றின் மூடியிலும் அடியிலும் சூடான ஊசியால் துளைகள் போட்டிருக்கிறேன். உட்புறம் எழும்பிய பிளாஸ்டிக் முனைகள் முடியைக் கீறாமலிருக்க உப்புத்தாளால் தேய்த்தும்விட்டேன். டப்பா ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், அடுத்த முறை சோதனை மேசையில் திறக்காமலே உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொள்ள முடியும். நெய்தல் அவர்களே, நீங்கள் கப்பலில் பயன்படுத்தும் செயற்கை இழை பிரஷின் குஞ்சம் எத்தனை மில்லிமீட்டர் விட்டம்? என்னுடைய டப்பாவின் வாய் 35 மில்லிமீட்டர்.