மறு: 'உடன்படிக்கை' என்ற ஒரே சொல் போதுமா?

கோத்தகிரியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

இறையியல் கலைச்சொல் பட்டியலில் 'உ' வரிசையைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். மூன்று நாளாக 'உடன்படிக்கை'யைத் தாண்ட முடியவில்லை. நோவாவுக்கு வானவில் காட்டிக் கடவுள் சொன்ன வாக்கு, சீனாய் மலையடியில் மக்களோடு செய்தது, தாவீதின் வம்சத்துக்குக் கொடுத்தது, பழங்கால இத்திய (ஹிட்டைட்) நாட்டுப் பேரரசர்கள் தங்களுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர்களோடு எழுதிக்கொண்டது, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். பிரசங்கத்துக்கு இது போதும். கலைச்சொல் பட்டியலுக்குப் போதாது.

உடன்படுதல் என்றால் இரண்டு பேர் பேசி ஒத்துப்போவது. கடவுள் ஆபிராமுக்கு (பின்னாளில் ஆபிரகாம்) நாட்டைத் தருவதாக வாக்குக் கொடுக்கும் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் அப்படி என்ன நடக்கிறது? மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் ஆபிராம் நடுவாக வெட்டித் துண்டங்களை எதிரெதிரே வைக்கிறான். பொழுது சாயும்போது அயர்ந்து தூங்கிவிடுகிறான். அந்தத் துண்டங்களின் நடுவே போவது, கடவுளின் அடையாளமாக, புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும்தான். ஆபிராம் நடக்கவே இல்லை. தூங்குகிறவன் எதற்கு உடன்பட்டான்?

எபிரேயத்தில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றுதான் சொல்வார்கள். பெரீத் என்பது உடன்படிக்கை, காரத் என்பது வெட்டுதல். நடுவே நடந்து போகிறவர், வாக்கை மீறினால் இந்தக் கன்றுக்குட்டியின் கதி எனக்கும் வரட்டும் என்று ஒத்துக்கொள்கிறார் என்பது எரேமியா 34ஐப் படித்தால் விளங்கும்.

கிரேக்கத்துக்கு வந்தால் இன்னும் சுவாரசியம். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களின் கையில் சுந்தேக்கே என்ற சொல் இருந்தது; இரு தரப்பும் சேர்ந்து செய்துகொள்வது என்று பொருள். அதை ஒதுக்கிவிட்டு தியாதேக்கே என்பதை எடுத்தார்கள். அது ஒருவர் தன் விருப்பப்படி செய்துவைக்கும் ஏற்பாடு, நடைமுறையில் உயில். அந்த ஒரு சொல் நம் தமிழ் வேதாகமத்தில் மூன்று வேடம் போடுகிறது. அட்டையில் 'புதிய ஏற்பாடு', உள்ளே 'புதிய உடன்படிக்கை', எபிரெயர் 9:16க்கு வந்தால் 'மரணசாசனம்'. முப்பது வருஷம் படித்தும் இது எனக்கு உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் அப்பா தன் ஐம்பது சென்ட் தேயிலைத் தோட்டத்தை என் பேருக்கு எழுதிவைத்தார். ஆவண எழுத்தரின் கடையில், மழைக்கு மேசையோரம் ஒதுங்கி நின்றுகொண்டு, அவர் வாசிக்கக் கேட்டேன். "நீ என் மகன் என்பதாலும், உன்பேரில் எனக்குள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டும்" என்று தொடங்கி, "இதை எக்காலத்திலும் ரத்து செய்யவோ மாற்றவோ மாட்டேன்" என்று முடிந்தது. பணம் என்ற பேச்சே இல்லை. தான செட்டில்மெண்ட் பத்திரம். உயிலாக இருந்தால் அப்பா நாளைக்கே மனசு மாறி வேறு எழுதலாம், அவர் காலத்துக்குப் பிறகுதான் செல்லும். இது அன்றைக்கே கைமாறிவிட்டது. ஆபிராமுக்குக் கிடைத்தது இதுதானே என்று தோன்றியது.

ஆகவே ஒருதலையாக வழங்கப்படும் இந்த வகைக்கு மட்டும் 'கொடைமுறி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். முறி என்றால் எழுத்துப் பத்திரம். முறித்தல் என்றால் துண்டாக்குதல். எபிரேயத்தின் வெட்டு தமிழில் தானாக வந்து விழுகிறது. கருத்துச் சொல்லுங்கள்.

கூடலூரிலிருந்து

அண்ணே, முறி நல்ல சொல். சிலோனில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஹட்டனில் இருக்கும் என் சித்தப்பா அனுப்பும் பத்திரிகைத் துணுக்குகளில் பிணைமுறி, திறைசேரி முறி என்றுதான் வரும். இங்கே நாம் பாண்டு என்போம்.

ஆனால் 'தூங்குகிறவன்' என்று எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியும். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அப்பாயியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் இந்த மலையில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வந்தார். "ஒப்பந்தத்துல வந்தோம்" என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் இரண்டு விஷயம். ஒன்று, கடவுள் செய்ததற்கு 'ஒப்பந்தம்' என்ற சொல்லைப் பட்டியலில் எந்த மூலையிலும் போடாதீர்கள். எங்கள் பக்கம் அந்தச் சொல் வேறு மாதிரி மணக்கும். இரண்டாவது, ஒருதலையாகச் செய்தால் அது அருள் ஆகிவிடுமா? எங்கள் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கையெழுத்தும் விழுந்தது.

குன்னூரிலிருந்து

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் 'உடன்படிக்கை' என்றேன். "டீலா டீச்சர்?" என்று கேட்டார்கள். 'கொடைமுறி' என்றால் கொடையை முறித்துவிட்டார் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான், எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து

அன்புள்ள கோத்தகிரித் தம்பிக்கு,

குன்னூர் அக்கா ஒரே வரியில் சொன்னதை நான் பத்து வரியில் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எபிரேயத்தில் வெட்டினால் உடன்படிக்கை உருவாகிறது. தமிழில் முறித்தால் அது போய்விடுகிறது. "இஸ்ரயேல் உடன்படிக்கையை முறித்தது" என்று எழுதவேண்டிய இடத்தில் "முறியை முறித்தது" என்று வந்தால் வாசகர் சிரிப்பார். அதோடு, தினமும் திருப்பலியில் கிண்ணத்தை எடுத்துப் "புதிய உடன்படிக்கை" என்று சொல்கிறோம். மாதா மன்றாட்டு மாலையில் "உடன்படிக்கையின் பேழையே" என்கிறோம். பொதுச்சொல்லில் கைவைக்க முடியாது. உட்பிரிவுகளுக்குத்தான் புதுச்சொல் வேண்டும். அந்த மட்டில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

கூடலூர்த் தம்பியின் கேள்வியை ஆய்வாளர்களும் வேறு விதமாகத் தொட்டிருக்கிறார்கள். 1954இல் ஜார்ஜ் மெண்டன்ஹால், சீனாய் உடன்படிக்கையின் வடிவத்தை இத்தியப் பேரரசர்களின் உடன்படிக்கைகளோடு ஒப்பிட்டார். "நான் இன்னார்" என்று மன்னர் தொடங்குவார், உனக்கு நான் இன்னின்ன செய்தேன் என்று பழைய கதை சொல்வார், பிறகு கட்டளைகள், ஏட்டைக் கோயிலில் வைத்து அவ்வப்போது வாசிக்கவேண்டும் என்ற விதி, சாட்சிகள், கடைசியில் ஆசியும் சாபமும். "உன்னை எகிப்திலிருந்து வெளியே கொண்டுவந்த உன் கடவுள் நானே" என்ற வரியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1970இல் மோஷே வைன்ஃபெல்டு இன்னொரு வகையைப் பிரித்துக் காட்டினார். உண்மையாக உழைத்த ஊழியனுக்கு அரசன் நிலமோ பதவியோ வழங்குவது அது. முதல் வகையில் சாபம் சிற்றரசன் தலையில் விழும். இரண்டாவதில் கொடையைப் பறிக்க வருகிறவன் தலையில் விழும். ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் கொடுத்தது இரண்டாம் வகை என்றார். எல்லாரும் இதை ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். தாவீது விஷயத்தில் இந்த ஒப்புமை நிற்காது என்று 1996இல் கேரி நாப்பர்ஸ் எழுதினார். இரண்டு சாமுவேல் 7இல் பெரீத் என்ற சொல்லே இல்லை, அது வருவது திருப்பாடல் 89 போன்ற வேறு இடங்களில்தான்.

இந்த இரண்டாம் வகை நமக்குப் புதிதா? நம் கோயில் சுவர்களில் பாருங்கள். நிலத்தையோ விளக்கெரிக்க ஆடுகளையோ கொடுத்துவிட்டு 'சந்திராதித்தவல்' என்று வெட்டியிருப்பார்கள், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. திருப்பாடல் 89இலும் தாவீதின் அரியணை கதிரவனைப்போல, நிலவைப்போல நிலைக்கும் என்றே வருகிறது. கல்வெட்டின் கடைசியில் சாபம்: இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் செய்கிறவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். பெற்றவனுக்குச் சாபம் இல்லை, அழிப்பவனுக்குத்தான். இதற்கு நம்மிடம் உள்ள பெயர் சாசனம். கல்லிலும் செப்பேட்டிலும் 'வெட்டுவது' என்ற வினையும் கூடவே வருகிறது, முறி இல்லாமலே. 'கொடைச்சாசனம்' என்றால் என்ன?

இன்னொரு பயனும் உண்டு. யூதரோடு கடவுள் செய்த உடன்படிக்கை காலாவதி ஆகிவிட்டதா என்ற பழைய சண்டை உங்களுக்குத் தெரியும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தப் போக்கை மாற்றியது. 1980இல் மைன்ஸ் நகரில் யூதப் பிரதிநிதிகளிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கடவுள் ஒருபோதும் திரும்பப் பெறாத பழைய உடன்படிக்கை என்றே சொன்னார். 'ஒப்பந்தம்' என்றால் முடிவுத்தேதி கேட்கத் தோன்றும். சாசனத்திடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

கோத்தகிரியிலிருந்து

ஃபாதர், முறியை நானே முறித்துவிட்டேன். கொடைச்சாசனம் நன்றாக நிற்கிறது. சாசனம் என்றால் கட்டளை என்ற பொருளும் சமஸ்கிருதத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருமே என்று கொஞ்சம் தயங்கினேன். முன்னால் 'கொடை' நிற்பதால் பரவாயில்லை.

கூடலூர்த் தம்பி, உன் கேள்விக்கு ஃபாதர் கொடுத்த அளவுகோலை வைத்தே பதில் தேடிப் பார்த்தேன். சாபம் யார் தலையில்? ஆபிராம் தூங்கும்போது துண்டங்களின் நடுவே போனவர், மீறினால் வரும் கேட்டைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு போகிறார். தூங்குகிறவனுக்கு ஒரு கேடும் இல்லை. 1964இல் கையெழுத்துப் போட்டவர்கள் எந்தத் துண்டத்தின் நடுவிலும் நடக்கவில்லை. கேடு முழுக்க அப்பாயி தலையில் விழுந்தது. ஒருதலையாக இருப்பதால் ஒன்று கொடை ஆகிவிடாது என்று நீ சொன்னது சரி. அதனால் விளக்கத்தில் 'ஒருதலையாக' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'வழங்குகிறவரே பொறுப்பை ஏற்பது' என்று மாற்றியிருக்கிறேன். ஆவண எழுத்தரிடமும் ஒரு விஷயம் கேட்டேன். தானம் பெறுகிறவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாதாம், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். நானும் கையெழுத்துப் போட்டேன், மழைச் சாரலில் மை கொஞ்சம் இழுகிவிட்டது. அப்பாயிக்கு அந்தக் கையெழுத்தும் கிடைக்கவில்லை.

இப்போதைக்குப் பட்டியலில் இப்படிப் போட்டிருக்கிறேன். பொதுச்சொல் உடன்படிக்கைதான். சீனாய் வகைக்கு 'மேலரசு உடன்படிக்கை'; யாத்திராகமம் 24இல் மக்கள் வாய்திறந்து "செய்வோம்" என்று சொல்வதால் உடன்படுதல் அங்கே பொருந்துகிறது. ஆபிரகாம் வகைக்குக் கொடைச்சாசனம். நூற்பகுதியின் பெயராக மட்டும் ஏற்பாடு. ஒப்பந்தம் எங்கும் இல்லை. குன்னூர் அக்கா, பிள்ளைகளிடம் 'அப்பா எழுதிவைத்த பத்திரம்' என்றே சொல்லிப் பாருங்கள், அப்புறம் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. கலாத்தியர் 3:15இல் "மனுஷர்களுக்குள்ளே உறுதிபண்ணப்பட்ட உடன்படிக்கை" என்று இருக்கிறது. பவுல் அங்கே நீதிமன்ற வழக்கத்தைச் சொல்கிறாரா, ஆபிரகாமைச் சொல்கிறாரா? இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துத்தான் வாதமே நடக்கிறது. உயில் என்று போட்டால் ஆபிரகாம் போய்விடுகிறார். கொடைச்சாசனம் என்றால் நீதிமன்றம் போய்விடுகிறது. ஃபாதர், ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமை 'ஊ' வரிசை தொடங்கவேண்டும்.