புதிதாக வந்த அகதிக் குடும்பங்கள்: முதல் மாதங்களில் எங்கே சிக்குகிறது?

இந்தக் குடும்பங்களுக்குத் துணைநிற்பவர்களுக்கான குறிப்பு இது. முதல் முடிச்சு பெயரில்தான் விழுகிறது. படிவங்களில் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தமிழர் வீடுகளில் இரண்டாவது கட்டத்துக்கு அப்பா பெயர் போகும், அதனால் ஒரே வீட்டில் இரண்டு மூன்று "குடும்பப் பெயர்கள்". சோமாலியருக்குத் தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்று. பர்மியர் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முதல் அலுவலகத்தில் எப்படிப் பதிவாகிறதோ, அதைப் பார்த்துத்தான் வங்கியும் பள்ளியும் மருத்துவமனையும் எழுதும்.

எல்லோருடைய பெயரையும் பிறந்த தேதியையும் நுழைவு ஆவணத்தில் உள்ளபடியே ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். கவுண்டரில் வாயால் சொல்லாமல் அந்தத் தாளை நீட்டட்டும். எழுந்து வருவதற்கு முன் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் மூல ஆவணத்தில்தான் முதலில் திருத்த வேண்டும். பள்ளியில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி என்று ஆங்காங்கே "சரிசெய்தால்" சிக்கல் இரண்டு மடங்காகும்.

—

தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று எழுதிவிடுவது பல இடங்களில் வழக்கம். ஒரே வீட்டில் நாலு பேருக்கு ஜனவரி 1 இருந்தால் அது பொய் இல்லை என்பதை மருத்துவமனை ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஒரே பெயர், ஒரே தேதி உள்ள இருவரின் கோப்புகள் ஒன்றாகக் கலந்துவிட்டால் மருந்து மாறிப்போகும்.

ஆப்கானியரின் பழைய தாள்களில், அவர்கள் நாட்காட்டியான சூரிய ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். நம் ஆங்கில ஆண்டு தெரிய அதோடு 621 கூட்டுங்கள். அந்த ஆண்டு மார்ச் 20 வாக்கில் முடியும்; ஜனவரி முதல் அதுவரையான கடைசிப் பகுதி என்றால் 622. 1370 என்றிருந்தால் 1991 அல்லது 1992. அவசரத்தில் ஒரு வருடம் பிசகினால் பிள்ளையின் வகுப்பே மாறிவிடும்.

—

மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும்போது "குர்திஷ்" என்று மட்டும் சொன்னால் போதாது. அதில் குர்மாஞ்சி, சொரானி என்று வேறுபட்ட வழக்குகள் உண்டு; எது என்று குடும்பத்திடமே கேட்டுச் சொல்லுங்கள். மியான்மரின் ரோஹிங்கியா மக்களுக்கு வங்காள மொழிக்காரரை அனுப்பினால் பாதிதான் புரியும், ஆனால் மரியாதைக்காகத் தலையை ஆட்டுவார்கள். ஆணா பெண்ணா யார் வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். சமூகம் சிறியதாக இருந்தால், முகம் தெரியாத ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பதையே பலர் விரும்புகிறார்கள். ஊர்ச் செய்தி ஆகிவிடும் என்ற பயம் நியாயமானது.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவின் வயிற்று வலியையும் அப்பா பட்ட அடியையும் பத்து வயதுப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டாது, பாதியை விழுங்கிவிடும். மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து மருத்துவரிடம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கேட்டு வாங்குங்கள். கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டால் எப்போதும் "ஆமாம்"தான் வரும். "இந்த மாத்திரையை நாளைக்கு எப்படிப் போடுவீர்கள்?" என்று கேட்டால் உண்மை தெரியும்.

தடுப்பூசித் தாள் எந்த மொழியில் இருந்தாலும் பத்திரப்படுத்தி எடுத்துப் போகச் சொல்லுங்கள். தாள் இல்லையென்றால் பெரும்பாலும் மறுபடி போடுவார்கள். தட்டம்மைக்கு இரண்டு தவணை, இடையில் குறைந்தது 4 வாரம். இரண்டாவதுதான் விட்டுப்போகிறது, அந்தத் தேதியை அன்றே நாள்காட்டியில் குறிக்க வேண்டும்.

—

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக. புகை எச்சரிக்கைக் கருவியை முதல் நாளே அழுத்தி ஒலிக்கவிட்டுக் காட்டுங்கள். சமைக்கும்போது கத்துகிறதே என்று பாட்டரியைக் கழற்றிவிடுவார்கள். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். கடிதங்களை வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பிரித்து வையுங்கள்: தேதி உள்ளவை ஒரு பக்கம், பணம் கட்ட வேண்டியவை ஒரு பக்கம். படித்துக் கையெழுத்திடுவது அவர்களாக இருக்கட்டும்.

—

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நல்லெண்ணத்தில் "உங்கள் நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள்" என்று அனுப்புவது. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 1சி பிரிவுப்படி, ஒருவர் தானாக விரும்பித் தன் நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினால் அகதி நிலை முடிவுக்கு வரலாம். சொந்த நாட்டுக் கடவுச்சீட்டை வாங்குவதோ புதுப்பிப்பதோ அப்படிப் பார்க்கப்படும் ஆபத்து உண்டு. அதே உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு, சொந்த நாட்டிடம் பெற முடியாத சான்றுகளுக்கு அடைக்கலம் தந்த நாடே வழிசெய்ய வேண்டும் என்கிறது. பயண ஆவணம் 28ஆம் பிரிவில் வருகிறது. வழக்கறிஞரைக் கேட்காமல் தூதரகப் படி ஏற விடாதீர்கள்.

குடும்பத்தை வரவழைப்பதிலும் காலக்கெடு உண்டு. கனடாவில், தங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிட்டிருந்த துணைவரையும் பிள்ளைகளையும் வந்த ஓராண்டுக்குள் தனி வழியில் அழைக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய விதி, அகதி என்ற அங்கீகாரம் கிடைத்த 3 மாதத்துக்குள் கேட்டால்தான் எளிய நிபந்தனைகள் என்று வைத்துக்கொள்ள நாடுகளை அனுமதிக்கிறது. காணாமல்போன பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை, முந்தைய மணத்துப் பிள்ளை என எல்லாப் பெயரும் முதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். "அவன் உயிரோடு இருக்கிறானோ என்னவோ" என்று விட்ட பெயரைப் பிறகு சேர்ப்பது மிகக் கடினம். அந்தக் கேள்வி வரும்போது மட்டும் அவசரப்படுத்தாதீர்கள், அழுது முடிக்கும்வரை பேனா காத்திருக்கட்டும்.