உங்களை நிற்கவைத்த படம் எது, எடுத்தவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?

எனக்குப் பிடித்த புகைப்படக் கலைஞர்களில் ஒருவரைக்கூட ‘உலகின் தலைசிறந்த’ என்று தொடங்கும் பட்டியல்களில் கண்டுபிடித்ததில்லை. பட்டியலைப் படித்து முடித்தால் பெயர்கள் நிற்கும், படங்கள் நிற்காது. எனக்குச் சரிப்பட்டு வந்த வழி வேறு. ஒருவரைப் பிடித்துப்போனால், அவர் யாருடைய படத்தைப் பார்த்து இதற்குள் வந்தார் என்று தேடுவேன். அப்புறம் அந்த ஆளின் பின்னால் போய்விடுவேன்.

ஆரம்பம் பலருக்கும் போலத்தான், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸோன். பாரீஸின் சாங்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் 1932இல் அவர் எடுத்த படம்: தேங்கிக் கிடக்கும் தண்ணீரைத் தாண்டக் குதிக்கும் ஒரு மனிதர், குதிகால் தண்ணீரைத் தொட நூலிழை பாக்கி. கண்ட இடத்திலெல்லாம் பார்த்துச் சலித்த படம்தான். ஒருமுறை திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தேன். பின்சுவரில் ஒரு சுவரொட்டி. அதில் ஒரு நடனப் பெண் இவரைப் போலவே காலை விரித்துப் பறக்கிறாள், ஆனால் எதிர்த் திசையில். குதிப்பவரின் தலைகீழ் உருவம் தண்ணீருக்குள் அவருக்காகக் காத்திருக்கிறது. வேலியோரம் இன்னொருவர் இது எதையும் கண்டுகொள்ளாமல் நிற்கிறார். இத்தனையும் ஒரே சட்டகத்தில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவர் இதைப் பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்தார் என்பது. லென்ஸ் முழுதாக நுழைய அந்த இடுக்கு போதவில்லை, இடது ஓரம் மறைந்துபோனது. எடுத்த சட்டகத்தை வெட்டவே கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர், வெட்டி அச்சிட்ட மிகச் சில படங்களில் இதுவும் ஒன்று. கொள்கைக்காக இந்தப் படத்தைத் தூக்கிப்போடாமல் விட்டாரே என்று இருக்கும் எனக்கு.

சரி, இவர் யாரைப் பார்த்தார்? மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரிக்காரரை. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் மூன்று சிறுவர்கள் அலைக்குள் ஓடும் படம், 1930 வாக்கில் எடுத்தது. முகம் தெரியாது, முதுகும் கைகளும் நுரையும்தான். ஒரு கணத்தின் வழியாக நிரந்தரத்தைத் தொட முடியும் என்று காட்டியது அந்தப் படம்தான் என்று கார்ட்டியே-பிரெஸோன் பின்னாளில் சொன்னார். முன்காச்சி விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்துப் பழகியவர். 1933இல் அமெரிக்காவில் ஒரு ஃபேஷன் பத்திரிகைக்காக மாடலைக் கடற்கரையில் ஓடவிட்டு எடுத்தார். ஃபேஷன் என்றால் ஸ்டூடியோவில் ஆடாமல் அசையாமல் நிறுத்துவது என்றிருந்த காலம் அது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் அவெடான். அவர் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் சுற்றி, சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் வெறும் வெள்ளைப் பின்னணிக்கு முன் நிறுத்தி எடுத்த படங்களில் ஓட்டமே கிடையாது. ஓடும் சிறுவர்களில் தொடங்கி அங்கே வந்து நின்றேன். உங்கள் சங்கிலி எப்படிப் போனது, சொல்லுங்கள்.

* * *

நான் ஆளைத் தேடவில்லை, ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் இருந்த படங்களைத் தேடினேன். ஒரு ரோலின் எல்லாப் படங்களையும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் அச்சிட்ட காண்டாக்ட் ஷீட்டைப் பார்க்கிற பழக்கம் வந்தபிறகு எனக்குப் புகைப்படக்கலையே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

டியான் ஆர்பஸ் 1962இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் எடுத்த சிறுவனின் படம் தெரியும்தானே? ஒரு கையில் பொம்மைக் கையெறிகுண்டு, இன்னொரு கை விரல்கள் வெறுமனே விறைத்து மடங்கி, கால்சட்டையின் ஒரு பட்டை தோளிலிருந்து நழுவி, முகத்தில் வெறி. அந்த ரோலின் மற்றப் படங்களைப் பாருங்கள். அவன் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கும் சாதாரணப் பையன். ஆர்பஸ் அவனைப் பற்றிப் பொய் சொன்னாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முகமும் அவனுடையதுதான், ஒரு நொடிக்கு. ஆனாலும் அத்தனை முகங்களில் இதைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று முடிவு செய்தது அவர்.

இதே தேடல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டது. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அரசு அனுப்பிய புகைப்படக்காரர்கள் எடுத்தவை, சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள். பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டோரத்தியா லாங் 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படம் அங்கே இருக்கிறது, அதே கூடாரத்தில் எடுத்த மற்றப் படங்களோடு. கொஞ்சம் தள்ளி நின்று எடுத்ததில் தொடங்கிப் படிப்படியாக நெருங்கி வருகிறார். கடைசியில் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அந்தத் தாயின் முகமும் கன்னத்தில் வைத்த கையும் மட்டும் மிஞ்சுகின்றன. கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் கீழ் மூலையில் தெரிந்தது. பின்னாளில் அதை நெகட்டிவிலேயே மங்கச் செய்துவிட்டார்கள்.

அங்கேயே இன்னொன்றும் உண்டு. அந்தத் திட்டத்தை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கர், தனக்கு வேண்டாத நெகட்டிவ்களில் காகிதத்தில் துளையிடுவதுபோல ஓட்டை போட்டுவிடுவார். அவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். வயலில் நிற்கும் விவசாயியின் முகத்தில் கறுப்பு வட்டம். ஆகாயத்தில் ஒரு வட்டம், கறுப்புச் சூரியன் மாதிரி. நிராகரிக்கப்பட்டவற்றில் சில, தேர்வானவற்றைவிட நல்ல படங்கள். ஸ்ட்ரைக்கரோடு மனதுக்குள் சண்டைபோட்டுக்கொண்டே பார்ப்பேன்.

* * *

தேர்வு என்று பேச்சு வந்ததால் ஒரு சின்னத் தகவல். ராபர்ட் ஃபிராங்க் 1950களின் நடுவில் அமெரிக்காவைக் காரில் சுற்றி எடுத்தது 27,000 படங்களுக்கும் மேல். அவற்றிலிருந்து புத்தகத்தில் வைத்தது 83.

* * *

எனக்கு எல்லாம் விவியன் மேயரிடம் தொடங்கியது. அதுவும் இணையத்தில்தான்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். வாடகைக்கு எடுத்திருந்த சேமிப்பு அறைக்குப் பணம் கட்டாததால் 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்தில் போயின. உள்ளே ஒரு லட்சத்தைத் தாண்டும் நெகட்டிவ்கள், கழுவப்படாத பிலிம் ரோல்கள் வேறு. 2009இல் அவர் இறந்தார். ஏலத்தில் எடுத்தவர்களில் ஒருவர் அதே ஆண்டு சில படங்களை ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் போட்டு, இவற்றை என்ன செய்யலாம் என்று கேட்டார். அதன் பிறகுதான் உலகத்துக்கு அவரைத் தெரியும்.

கதையை ஒதுக்கிவிட்டுப் படங்களைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். ரோலிஃபிளெக்ஸ் கேமராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்த்து எடுப்பார். அதனால் அவர் படங்களில் மனிதர்கள் சற்று உயர்ந்து தெரிகிறார்கள். தெருவில் படுத்திருப்பவருக்குக்கூட ஒரு கம்பீரம். தன்னையும் விடவில்லை. கடைக் கண்ணாடியில், யாரோ தூக்கிப் போகும் நிலைக்கண்ணாடியில், புல்தரையில் விழுந்த நிழலில் என்று தன்னை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாருக்கும் காட்டாதவர் தன்னை ஏன் இத்தனை முறை எடுத்தார்?

ஓர் உறுத்தலும் உண்டு. நாம் பார்க்கும் ‘மேயர்’ வேறு யாரோ தேர்ந்தெடுத்த மேயர். கழுவாமலே வைத்திருந்த ரோல்களை மற்றவர்கள் கழுவி அச்சிட்டார்கள். அவரே தேர்வு செய்திருந்தால் இந்தப் படங்கள்தான் வந்திருக்குமா என்ற கேள்வி எனக்குப் போகவில்லை. பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

* * *

மேலே முன்காச்சி பற்றி எழுதியவருக்கு: அவர் 1963இல் இறந்தபோது அவருடைய சேகரிப்பை வாங்கிக்கொள்ளப் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் முன்வரவில்லை, படங்கள் சிதறிப்போயின. உயிரோடு இருந்தபோது கொடிகட்டிப் பறந்தவருக்கு அந்தக் கதி. யாருக்கும் தெரியாமல் வாழ்ந்த மேயருக்கு இந்தப் புகழ்.

* * *

நான் கறுப்பு வெள்ளைக் கட்சி. கலர் என்றால் விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனை மாற்றியவர் சால் லைட்டர். ஓவியராக வேண்டும் என்று நியூயார்க் வந்தவர். 1940களின் கடைசியிலேயே தெருவைக் கலரில் எடுக்கத் தொடங்கிவிட்டார், காலாவதியான பிலிமையும் பயன்படுத்தி. அந்தப் படங்கள் புத்தகமாக வந்து பேசப்பட்டது 2006இல். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

பலகைகளுக்கு இடையே எடுத்த ஒரு படம். மேலும் கீழும் கிட்டத்தட்ட முழுக்க இருட்டு. நடுவே கிடைமட்டமாக ஒரு கீற்று. தெரு மொத்தமும் அதற்குள். பாடம் எடுப்பவர்கள் யாரும் இப்படி எடுக்கச் சொல்லமாட்டார்கள். ஆவி படிந்த கண்ணாடி, குடையின் விளிம்பு, பனிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. எதையாவது குறுக்கே வைத்துக்கொண்டுதான் பார்ப்பார் மனிதர்.

அவரிடமிருந்து நேர் எதிரான ஒருவரிடம் போனேன். மாலி நாட்டின் பமாக்கோவில் ஸ்டூடியோ வைத்திருந்த செய்து கெய்ட்டா. எல்லாமே நேருக்கு நேர், ஒளிவுமறைவு இல்லை. முதலில் பின்னணிக்குக் கட்டியது அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பு. அந்தத் துணியின் பூவேலையும், நிற்கும் பெண்ணின் உடையில் உள்ள வடிவங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். எது துணி, எது ஆள் என்று கண் தடுமாறும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை துணியை மாற்றுவாராம். பிற்பாடு எந்தப் படம் எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்க அந்தத் துணிகள்தான் உதவின. 1991இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் அவர் படங்களை வைத்தபோது எடுத்தவர் பெயரே போடவில்லை, யாரென்று தெரியாததால்.

* * *

அமெரிக்க இயற்கைக் காட்சிகளை எடுத்த ஆன்சல் ஆடம்ஸ் என்றாலே காலண்டர் படம் என்று ஒதுக்குகிறவர்களுக்காக ஒன்று. நியூமெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊர்மேல் நிலவு எழும் படத்தை 1941இல் எடுத்தபோது வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. கல்லறைச் சிலுவைகள் மேல் இருந்த வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிலவின் ஒளி அளவு நினைவில் இருந்ததால் அதை வைத்து மனக்கணக்காக எடுத்தார். அடுத்ததை எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. பிறகு பல பத்தாண்டுகளாக அந்த ஒரே நெகட்டிவைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்பகால பிரிண்டில் வானத்தில் மேகங்கள் தெரியும். பிற்காலத்தியதில் வானம் கன்னங்கரேல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு, ‘எடிட் செய்யாத படம்தான் உண்மையான படம்’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

* * *

மா. கிருஷ்ணனை யாரும் சொல்லவில்லையே. காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒட்டவைத்துத் தானே ஒரு கேமரா செய்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அவருடைய யானைப் படங்களில் ஒவ்வொரு யானைக்கும் ஒரு தனி ஆளுமை இருக்கும். எழுத்தும் படமும் ஒரே கையில் வந்தவர் என்பதால் இரண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

* * *

இன்ஸ்டாகிராமில் தேடுகிறவன் நான். அதுவாகக் கொண்டுவந்து காட்டுவதை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒரே படம்தான்: மூடுபனி, நடுவில் ஒற்றை ஆள், நீலமும் ஆரஞ்சும். ஆனால் பிடித்த ஒரு புகைப்படக்காரர் யார் யாரைப் பின்தொடர்கிறார் என்று பார்த்தால் நல்ல சரக்கு கிடைக்கும். முதலில் எழுதியவரின் சங்கிலி வழிதான், கைபேசியில். 2012இல் தொடங்கிய ‘எவ்ரிடே ஆஃப்ரிக்கா’ கணக்கை அப்படித்தான் பிடித்தேன். போரும் பஞ்சமும் இல்லாத சாதாரண நாட்கள். பெரும்பாலும் கைபேசியில் எடுத்தவை.

இன்னொரு பழக்கம், பிடித்த படத்துக்கு உடனே விருப்பம் போடுவதில்லை. எடுத்தவர் எங்கே நின்றார், வெளிச்சம் எந்தப் பக்கம், இரண்டடி தள்ளி நின்றிருந்தால் எது மறைந்திருக்கும் என்று பார்ப்பேன். பாதிப் படங்கள் இதிலேயே தோற்றுவிடும்.

* * *

பெயர் தெரியாமலே நான் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜோசப் கௌடெல்கா. 1968 ஆகஸ்டில் அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் பிராகுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது எடுத்த படங்கள். ஒரு படத்தில் முன்னால் நீட்டிய கை, மணிக்கட்டில் கடிகாரம், பின்னால் ஆளரவமற்ற அகன்ற தெரு. அவர் பத்திரிகைக்காரரே அல்ல. நாடகங்களையும், ஜிப்சிகள் என்று சொல்லப்படும் ரோமா மக்களையும் படம்பிடித்துக்கொண்டிருந்தவர். நெகட்டிவ்கள் கடத்தப்பட்டு மறு ஆண்டு வெளியானபோது, எடுத்தவர் ‘பி.பி.’ என்று மட்டுமே இருந்தது. அதாவது ‘பிராக் போட்டோகிராஃபர்’, பிராகின் புகைப்படக்காரர். துணிச்சலான செய்திப் படங்களுக்குத் தரப்படும் ராபர்ட் காபா விருதையும் பெயர் தெரியாத செக் புகைப்படக்காரருக்கு என்றே கொடுத்தார்கள். குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்ற பயம்தான். தந்தை இறந்த பிறகு, 1984இல்தான் பெயர் வெளியே வந்தது.

டாங்கிகளைவிட அவருடைய ரோமா படங்கள் எனக்கு இன்னும் பிடிக்கும். கைவிலங்கோடு ஓர் இளைஞன் முன்னால் நிற்க, தூரத்தில் ஊர் திரண்டு பார்க்கும் அந்தப் படம். திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கண்காட்சியில் பெரிய பிரிண்டாகப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அந்த இளைஞனுக்குப் பின்னால் மண்ணில் தெரியும் சக்கரத் தடங்கள் அச்சில் எப்படி வந்திருக்கின்றன என்று எழுதுங்கள்.