சாட்டருக்கு ‘விதிர்ப்பு’ வேண்டாம், ‘உதறல்’ இருக்கட்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மரக்கடைசலில் உளி பட்டதும் கட்டை நடுங்கிச் சத்தமிட்டு, மேலே வரிகள் விழுவதை ஆங்கிலத்தில் ‘சாட்டர்’ (chatter) என்கிறார்கள். நம் மரக்கடைசல் சொற்பட்டியலில் அதற்கு நேராக நான் போன வாரம் முன்வைத்த ‘விதிர்ப்பு’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த இடத்தில் ‘உதறல்’ என்று சேர்க்க வேண்டுகிறேன்.

விதிர்ப்பின் மேல் எனக்கு இருந்த ஆசை சின்ன ஆசை இல்லை. தொல்காப்பிய உரியியலில் “அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்” என்று ஒரு நூற்பா வருகிறது. இரண்டில் அதிர்வு பள்ளி இயற்பியல் புத்தகத்தில் குடியேறிவிட்டது. அதனோடு பிறந்த விதிர்ப்பு வேலையில்லாமல் இருக்கிறதே, அதற்கு ஒரு பட்டறையில் இடம் பிடித்துக் கொடுப்போம் என்று நினைத்தேன். தமிழாசிரியர் ஐயாவும் அதை ஆதரித்து எழுதினார். இப்போது நான் மாறுவதற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் மாமா சென்னைப் புளியந்தோப்பில் மரக்கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண், ஊஞ்சல் கம்புக்கான குமிழ், பூரிக்கட்டை, ஆடி மாதம் வந்தால் பம்பரம். அரை குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டார், வேகத்தை மாற்ற மூன்று படி புல்லி, ஒரு வி பெல்ட், இவற்றைத் தாங்க ஒரு இரும்புப் பெட்டு. இயந்திரம் அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டரை அடி நீளமும் ஒன்றேகால் அங்குலக் கனமும் உள்ள வேப்பங்கட்டையைக் கடைந்துகொண்டிருந்தார். ஓரங்களில் உளி வழுக்கிக்கொண்டு போனது. நடுப்பகுதிக்கு வந்ததும் ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. கட்டையில் சாய்வான வரிகள் விழுந்தன. நான் ஆர்வமாக, “மாமா, இதுதான் விதிர்ப்பு” என்றேன். அவர் நிமிராமலே, “ஒதறுதுடா. நடுவுல மெலிஞ்சிடுச்சி, அதான் ஒதறுது” என்றார். இடது கை விரல்களைக் கட்டைக்குப் பின்பக்கம் லேசாக அணைத்துப் பிடித்தார். சத்தம் அடங்கிவிட்டது.

அப்புறம் அவர் சொன்ன மற்றச் சத்தங்களையும் எழுதி வைத்தேன். இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதைவிட எதைக் குறிக்கக் கூடாது என்பது அங்கேதான் புரிந்தது.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று நின்றால் அது முனகல். பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். உடனே அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் காயில் கருகும். தொடங்கும்போது ‘கிறீச்’ என்றால் பெல்ட் வழுக்குகிறது. சுற்றிக்கொண்டே கிறீச்சிட்டு, கூடவே கருகிய வாசனையும் வந்தால் டெயில்ஸ்டாக் (கட்டையின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கும் பகுதி) பக்கத்து முனையைப் பார்க்க வேண்டும். அது சுழலாத முனையாக இருந்தால் மரம் அதில் உராய்ந்து தீய்கிறது என்று பொருள். ஒரு சொட்டு எண்ணெயோ கொஞ்சம் மெழுகோ போதும்.

சீரான இடைவெளியில் ‘டக் டக்’ என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கட்டை ஒரு சுற்றுச் சுற்ற ஒரு டக் என்றால் ஸ்பிண்டில், அதாவது கட்டையைச் சுழற்றும் அச்சு, அதன் புல்லியின் திருகு தளர்ந்திருக்கலாம். அதைவிட மெதுவாக வந்தால் பெல்ட்டில் ஒரு இடத்தில் புடைப்போ வெடிப்போ இருக்கும். பெல்ட்டின் நீளம் புல்லியின் சுற்றளவைவிட அதிகம். அதனால் அந்த இடம் திரும்பி வருவதற்குள் புல்லி பல தடவை சுற்றியிருக்கும். இதை மாமா கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. காதால் சொன்னார்.

பேரிங்கின் கரகரப்புத்தான் பலரை ஏமாற்றுவது. மரத்தூள் உள்ளே போய் கிரீஸோடு சேர்ந்து களிம்பாகிவிடும், குண்டு ஓடும் தடம் தேயும். அதைக் கண்டுபிடிக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்ப்பார். மணலில் உருட்டுவது போல விரலில் தட்டுப்படும். பெல்ட் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டியும் சத்தம் வந்தால் கோளாறு மோட்டாரில். சந்தேகம் தீரவில்லை என்றால் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை அசையாத பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். மண்ணடியில் புதுப் பேரிங் வாங்கப் போவதற்கு முன்னால் எப்போதும் இந்தச் சோதனை உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. உளியைக் கட்டையில் வைக்காமல் இருந்தாலும் இந்தச் சத்தங்கள் வரும். வேகத்தைக் கூட்டினால் டக்டக்கும் நெருங்கும், கரகரப்பும் ஏறும். சுற்றுகிற ஏதோ ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் இடிக்கிறது, அல்லது தடுக்குகிறது. மோட்டாரின் முனகல் மட்டும் இதற்கு விலக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் முனகல் 100 ஹெர்ட்ஸில் நிற்கும், எந்தப் புல்லிப் படியில் பெல்ட் கிடந்தாலும் மாறாது.

உதறல் வேறு ஜாதி. உளி பட்டால்தான் அது வரும், உளியை எடுத்தால் போய்விடும். நான் கேட்டுக்கொண்டதற்காக மாமா இயந்திரத்தை நிறுத்தி, பெல்ட்டை அடுத்த படிக்கு மாற்றி, மெதுவாக ஓடவிட்டு மறுபடி அதே இடத்தில் உளியை வைத்தார். கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து வைத்திருந்தேன். வேகம் நன்றாகக் குறைந்திருந்தும் சுருதி ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது, சத்தம் மட்டும் பலவீனமாகியிருந்தது. காரணம், அந்தச் சுருதி மெலிந்த கட்டையின் சொந்தச் சுருதி. வீணைத் தந்தியை எந்த வேகத்தில் மீட்டினாலும் அதன் சுருதி அதுதானே, அப்படி. உளி ஒரு முறை துள்ளினால் மரத்தில் ஒரு அலை பதிகிறது. அடுத்த சுற்றில் உளி அந்த அலையின் மேலேயே ஏறி இறங்குகிறது, துள்ளல் பெரிதாகிறது. வெட்டே தன்னை வளர்த்துக்கொள்கிறது. 1907-இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் உலோகம் வெட்டுவதைப் பற்றி எழுதியபோது, இயந்திரக்காரர் முன்னால் இருக்கும் சிக்கல்களில் மிகவும் பிடிபடாதது இதுதான் என்ற பொருளில் எழுதினார். மரத்துக்கும் அதே கதைதான்.

அதனால் மருந்தும் வேறு. பேரிங்கை மாற்றினாலும் நல்ல பேரிங்கில் உதறிக்கொண்டுதான் இருக்கும். இதில் பணத்தை வீணாக்கியவர்களை எனக்கே தெரியும். உளியைத் தீட்ட வேண்டும். ரெஸ்ட்டை, அதாவது உளியைச் சாய்த்துப் பிடிக்கும் தாங்கியை, கட்டைக்குப் பக்கத்தில் நகர்த்தி, உளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் குறைக்க வேண்டும். டெயில்ஸ்டாக்கை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் கட்டை வில்லாக வளையும், அதைத் தளர்த்த வேண்டும். வேகத்தை மாற்றிப் பார்க்கலாம். மெலிந்த நடுப்பகுதிக்குக் கையோ தாங்கியோ துணை கொடுக்கலாம். கை கொடுப்பது பழகியவர்களுக்கு மட்டும், அதுவும் ரெஸ்ட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் விரல் போகாத வகையில்.

மருந்து வேறு என்றால் பெயரும் வேறாக இருக்க வேண்டும். அதனால்தான் ‘வெட்டதிர்வு’ என்று ஒரு நண்பர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. எடை ஒரு பக்கம் சாய்ந்த கட்டையை வெட்டும்போது வருவதும் வெட்டும்போது வரும் அதிர்வுதான். அந்தப் பெயர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும். இன்னொருவர் சொன்ன ‘சலசலப்பு’, ‘சாட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருளான அரட்டையைப் பார்த்துச் செய்தது, பட்டறையில் அதைக் கேட்டால் யாருக்கும் இயந்திரம் நினைவுக்கு வராது. கோவை நண்பர் ‘தந்தியடிப்பு’ என்றார். குளிரில் பல் தந்தியடிப்பதை வைத்துச் சொன்ன அழகான யோசனை. ஆனால் தந்தி விட்டு விட்டு அடிப்பது, இது விடாத சத்தம். ‘கடகடப்பு’, ‘தடதடப்பு’ இரண்டும் நல்ல சொற்கள்தான். அவற்றைத் தளர்ந்த உதிரிபாகங்களின் ஓசைக்கு வைத்துக்கொள்வோம்.

உதறல் என்றால் பயத்தில் வருவது ஆயிற்றே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பொருள்தான் இங்கே உதவுகிறது. ‘துணியை உதறினான்’ என்றால் ஒருவன் செய்கிறான். ‘கை கால் உதறுகிறது’ என்றால் யாரும் உதறவில்லை, தானே நடக்கிறது. அதிர்வைப் புல்லியோ பேரிங்கோ வெளியிலிருந்து கொடுக்கிறது. உதறல் தானே எழுவது. நாம் கட்ட நினைத்த வேறுபாட்டைப் பேச்சுத்தமிழ் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறது. வண்டி உதறுகிறது என்று மெக்கானிக்கிடம் சொன்னால் இன்றைக்கும் புரிகிறதே.

இன்னொன்றும் எனக்குப் படுகிறது. ‘கடைசல்’ என்ற சொல்லே எங்கிருந்து வந்தது? மோட்டார் வருவதற்கு முன்னால் கட்டையில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னுமாக இழுத்துத்தான் சுழற்றினார்கள். மத்தில் கயிறு போட்டுத் தயிர் கடையும் அதே அசைவு. அடுக்களையில் இருந்த வினையைத் தச்சர் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அந்த வழியில் போனால், கையும் துணியும் தந்த ‘உதறு’ என்ற வினைக்குக் கடைசலில் இடம் கேட்பது புதிதான காரியம் இல்லை.

தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். விதிர்ப்பை நான் கைவிடவில்லை. கட்டையை விட்டுவிட்டு உளி மட்டும் நடுங்கும் நிலை ஒன்று உண்டு. மெல்லிய உளியை ரெஸ்ட்டுக்கு வெளியே அதிகம் நீட்டிப் பிடித்தால் வருவது, கைப்பிடியிலேயே தெரியும். அதைத் தனியாகச் சுட்ட வேண்டி வந்தால் ‘உளி விதிர்ப்பு’ என்று சொல்லலாமா? ‘உளி உதறல்’ என்றாலே போதும் என்று நீங்கள் கருதினால் அதற்கும் சம்மதம்.

கட்டையில் விழும் அந்தச் சாய்வான தடங்களுக்கு மாமா சொல்வது ‘வரி’. “வரி வுழுந்துடுச்சி, இன்னொரு தபா இழு” என்பார். எனவே பட்டியலில் ‘உதறல்’ என்பதற்குக் கீழே ‘உதறல்வரி’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். எதிர்ப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். மரக்கடைசல் செய்பவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்கள் வாயில் இதற்கு என்ன சொல் வருகிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள்.