பீட்டர் கிரீனின் தனி ஆல்பம்: கூடுதல் டிராக்குகளோடு வந்த மறுபதிப்பை வாங்கலாமா?

வளவுவீட்டுப்பிள்ளை (கானாடுகாத்தான்)

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பா பினாங்கிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த எல்.பி. (பெரிய இசைத்தட்டு) பெட்டி ஒன்று எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பகுதியில் கிடந்தது. அதற்குள் பீட்டர் கிரீனின் 'தி எண்ட் ஆஃப் தி கேம்' இருந்தது. ஃப்ளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் கிட்டார் வாசித்த, பழைய ப்ளூஸ் காலத்து கிரீனைத்தான் எனக்குத் தெரியும். அந்தக் குழுவின் 'ஆல்பட்ராஸ்' போல நிதானமாக இருக்கும் என்று ஊசியை வைத்தால், இது வேறு யாரோ வாசித்தது போல இருக்கிறது. முதல் டிராக்கே ஒன்பது நிமிடம் ஓடுகிறது, பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் எடுத்து வைக்க மனசு வரவில்லை.

இரண்டாம் பக்கம் பூசணம் பிடித்துக் கரகரக்கிறது. 2020இல் நான்கு கூடுதல் டிராக்குகளோடு மறுபதிப்பு வந்திருக்கிறதாமே. அந்த நான்கும் அதே ஒலிப்பதிவில் மிஞ்சியவையா? அதற்காகக் காசு கொடுக்கலாமா? இந்த ஆல்பத்தை எப்படிக் கேட்பது என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா

மிஞ்சியவை இல்லை தம்பி. 1971இலும் 1972இலும் வந்த இரண்டு சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு) இரண்டு பக்கங்களும்தான் அந்த நான்கு. பெரியப்பாவின் எல்.பி.யில் இருக்க வாய்ப்பில்லை. வாங்குங்கள்.

கல்லுக்கட்டி கேட்பவர்

இந்த ஆல்பத்தைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1970 மே மாதம் கிரீன் குழுவை விட்டு விலகினார். வயது 23. குழு புகழின் உச்சத்தில் இருந்த நேரம். சம்பாதித்த பணத்தையெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று கூட்டாளிகளிடம் சொல்லிப் பார்த்தவர் அவர். விலகிய கையோடு ஸ்டுடியோவுக்குப் போய், பியானோவுக்கு ஜூட் மணி, மற்ற கீபோர்டுகளுக்கு நிக் பக், பேஸுக்கு (கீழ்ச்சுர கிட்டார்) அலெக்ஸ் டிமோச்சோவ்ஸ்கி, டிரம்ஸுக்கு காட்ஃப்ரி மெக்லீன் என்று வைத்துக்கொண்டு வாசித்துத் தள்ளினார். முன்கூட்டி எழுதிய பாட்டு என்று எதுவும் கிடையாது. அந்த நீண்ட வாசிப்பிலிருந்து வெட்டி எடுத்த ஆறு துண்டுகள்தான் ஆல்பம், மொத்தம் சுமார் 35 நிமிடம். பிடி கிடைக்காததற்குக் காரணம் இதுதான்: பல்லவி வரும் வரும் என்று காது காத்திருக்கிறது, அது வரப்போவதே இல்லை.

முதல் தடவை கிட்டாரை விட்டுவிட்டு பேஸைப் பிடியுங்கள். 'பாட்டம்ஸ் அப்' முழுக்க டிமோச்சோவ்ஸ்கியின் தோளில்தான் நிற்கிறது. அது பிடிபட்டால் கிட்டார் தானாகத் துலங்கும். கிட்டாரின் ஒலியைக் காலால் மாற்றும் வா-வா பெடலைப் பலர் தாளத்துக்குத் தட்டுவார்கள். கிரீன் அதை மெதுவாகத் திறந்து மூடி, ஒரே சுரத்துக்குள் ஆகாரத்தை ஓகாரமாக்குகிறார். பாடகரே இல்லாத இந்த ஆல்பத்தில் பாடுவது அந்தக் கால்தான்.

நம் பக்கத்துக் காதுக்கு இது அந்நியமும் இல்லை. காரைக்குடி வீணை என்றாலே ராகம் தானம் பல்லவியில் வரும் அந்தத் தானம்தான். சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள் வளர்த்த வழி அது. தானத்தில் தாள ஆவர்த்தனம் கிடையாது, ஆனால் உள்ளே ஒரு நடை ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிக் கேட்டுப் பழகியவருக்கு 'பல்லவி எங்கே' என்ற தவிப்பு சீக்கிரம் அடங்கிவிடும். என் அத்தை வீணை வாசிப்பார். 'டைம்லெஸ் டைம்' போட்டுக் காட்டினேன். இரண்டரை நிமிடமும் பேசாமல் கேட்டார். "கம்பியை இழுத்துட்டு உடனே விடாம நிக்கிறான் பாரு, அதான் வாசிப்பு" என்றார். எந்த விமர்சனக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு சொல்லித் தந்ததில்லை.

அப்புறம், தயவுசெய்து பட்டாலையில் (வீட்டுப் பெரிய கூடம்) வைத்துக் கேட்காதீர்கள். ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். 'டிசெண்டிங் ஸ்கேல்' டிராக்கில் பியானோவும் டிரம்ஸின் சிம்பல் தட்டும் ஒன்றோடொன்று குழம்பிப் போகும். சின்ன அறையில், கீழே ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கரைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

இனி அந்த நான்கு. 1971இல் 'ஹெவி ஹார்ட்', 'நோ வே அவுட்'. 1972இல் நைஜல் வாட்சனோடு சேர்ந்து 'பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன்', 'உகாண்டா வுமன்'. அதற்குப் பிறகு அவர் மனநோயில் விழுந்தார், மருத்துவமனை வாசமும் இருந்தது. தன் பெயரில் அடுத்த ஆல்பம் போட்டது 1979இல்தான். ஆக, அந்த நீண்ட மௌனத்துக்கு முன் தன் பெயரில் அவர் கடைசியாக வெளியிட்டவை இவை. சில்லறைத் துணுக்குகள் என்று தள்ள எனக்கு மனம் ஒப்பாது. 2020 ஜூலையில் அவர் காலமானார். அதே வருஷம் எல்லாம் ஒரே தட்டில் கிடைத்தது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

புதுவயல் ரெக்கார்ட் பெட்டி

அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நான்கும் வேண்டும், சரி. ஆனால் ஆறாவது டிராக் அலறி முடிந்த கையோடு சிங்கிள் தொடங்குவது எனக்குச் சகிக்கவில்லை. அங்கே நிறுத்திவிட்டு, வேறொரு நாள் அந்த நான்கையும் தனியாகக் கேளுங்கள்.

எல்.பி.யைத் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய பருத்தித் துணியால் வரிகளின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். முற்றத்து வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். பூசணம் ஆழமாக இறங்கியிருக்காவிட்டால் பாதிக் கரகரப்பு போய்விடும்.

வளவுவீட்டுப்பிள்ளை

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. தட்டைக் கழுவி, பெட்டி அறையில் ஜமுக்காளம் விரித்துக் கேட்டேன். பேஸைப் பிடித்துக்கொண்டு போனதில் 'பாட்டம்ஸ் அப்' பாதிக்கு மேல் வசப்பட்டுவிட்டது. இரண்டாம் பக்கத்தில் 'ஹிடன் டெப்த்' மட்டும் இன்னும் கரகரக்கிறது, அமைதியான டிராக் என்பதால் கூடுதலாகவே தெரிகிறது. மறுபதிப்பு சி.டி.க்குச் சொல்லிவிட்டேன். 'ஹெவி ஹார்ட்' கேட்டதும் வந்து எழுதுகிறேன்.