88 என்றால் அடியா, சதவீதமா?

ஏஐ ஏஜென்ட் என்பது, கேட்ட கேள்விக்குத் தேவையான தகவலைத் தானே போய் எடுத்துப் பதில் சொல்கிற ஏஐ. அப்படி எடுக்க அது கூப்பிடுகிற சின்னச் சின்ன புரோகிராம்கள்தான் டூல். ஏஐ ஏஜென்ட்டுகளுக்கு டூல் எழுதிக் கொடுத்துப் பட்ட அனுபவம் என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு.

ஊர் சேரன்மகாதேவி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. எனக்குச் சம்பளம் தருவது சாப்ட்வேர் வேலை. போன கார் பருவத்துக்கு முன்னால், தெரிந்த விவசாயிகள் வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் சொல்கிற மாதிரி ஒரு ஏஜென்ட் செய்தேன். பின்னால் எம்சிபி சர்வரில் (ஏஐ-யை வெளி டூல்களோடு இணைக்கிற ஒரு பொது முறை எம்சிபி) 4 டூல்: அணை நீர்மட்டம், கால்வாயில் தண்ணீர் விடும் முறை, மழை, நெல் விலை.

முதல் வாரத்திலேயே ஒரு ராத்திரி சித்தப்பா போன் போட்டார். அவருக்கு மணிமுத்தாறு பெருங்கால் பாசனத்தில் வயல்.

“ஏல, மணிமுத்தாறு 88 சதவீதம் ரொம்பிட்டுன்னு ஒம் மிஷின் சொல்லுது. பேப்பர்ல 88 அடின்னுல்லா போட்டிருக்கு?”

மணிமுத்தாறு அணையின் முழு உயரம் 118 அடி. 88 அடி என்றால் உயரத்தில் முக்கால் பாகம்தான். அணை கீழே குறுகி மேலே விரிவதால், கொள்ளளவில் அதைவிடவும் குறைவு. இதை நம்பி ஒருவர் நாற்றுப் பாவியிருந்தால்? அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

புரோகிராம் கோடில் தப்பு இல்லை. டூல் 88 என்று சரியாகத்தான் கொடுத்திருக்கிறது. ஆனால் இந்த டூல் எதற்கு என்று ஏஜென்ட் படித்துப் பார்க்கிற விளக்கத்தில் நான் எழுதி வைத்திருந்தது ‘அணையின் தற்போதைய நீர்மட்டத்தைத் தரும்’ என்ற ஒரே வரி. ஏஜென்ட்டுக்குள் இருந்து யோசிக்கிற ஏஐ மாடலுக்கு நம் கோடு தெரியாது. டூலின் பெயர், விளக்கம், என்னென்ன மதிப்பு கொடுக்க வேண்டும் என்கிற ஸ்கீமா, இவற்றை வைத்துத்தான் எதைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது என்று அது முடிவெடுக்கிறது. திரும்பி வருவது வெறும் எண் என்றால் அலகையும் தானாக ஊகித்துக்கொள்ளும். அணை மட்டத்தை அடியில் சொல்வது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், அதனால் அதை எழுதவே எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஏஜென்ட் எதை எப்படிக் கூப்பிட்டது என்று பதிவாகிற லாகை எடுத்துப் பார்த்தால் இன்னொன்று. தண்ணீர் முறை டூலில் ‘சேனல்’ என்று ஒரு பாராமீட்டர், அதாவது ஏஜென்ட் மதிப்பை நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், வைத்திருந்தேன். கன்னடியன் சேனல், கோடகன் சேனல் என்று நாங்கள் சொல்கிற அர்த்தத்தில். ஸ்கீமாவில் அதற்கு விளக்கமே கிடையாது. ஏஜென்ட் அதில் ‘வாட்ஸ்அப்’ என்று நிரப்பி அனுப்பியிருக்கிறது! செய்தி வந்த வழியைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதைக் குறை சொல்ல முடியுமா? வேறு எங்கே பார்த்தாலும் சேனல் என்றால் அதுதானே.

அதற்குப் பிறகுதான் முறையாகச் சோதிக்க உட்கார்ந்தேன். விவசாயிகள் கேட்ட கேள்விகளில் 30-ஐ அவர்கள் எழுதியபடியே, எழுத்துப்பிழையோடு எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் எந்த டூலைக் கூப்பிட வேண்டும், என்ன மதிப்பு போக வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு ஓட்டினேன். பதில் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை, சரியான டூலைச் சரியான மதிப்போடு கூப்பிட்டதா என்று மட்டும் பார்த்தேன். தப்பான டூலிலிருந்தும் சரளமான பதில் வரும், அதில் ஏமாந்துவிடுவோம். ‘உர மானியம் எப்பம் வரும்’ மாதிரி எந்த டூலுமே தேவைப்படாத கேள்விகளையும் சேர்த்தேன். அதற்கு ஏஜென்ட் நெல் விலையைப் போய் எடுத்தது. ஒரு டூல் எதைச் செய்யாது என்பதையும் எழுத வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

உண்மையில் அதிகம் கற்றுக்கொடுத்தது பாளையங்கோட்டையில் டீச்சராக இருக்கிற அக்காதான். நாலு விளக்கத்தையும் தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இந்த மட்டம் இன்னைக்கு எடுத்ததா, நேத்து எடுத்ததாடே?” என்று கேட்டாள். அளவு காலையில் ஒரு தடவைதான் எடுப்பார்கள். ஆனால் நான் ‘தற்போதைய’ என்று எழுதியிருந்தேன்.

பயத்தில் எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுதினேன். அதுவும் சரிப்படவில்லை. விளக்கங்கள் கேள்வியோடு சேர்ந்தே மாடலுக்குப் போவதால் இடத்தை அடைத்தன. அணை டூல், கால்வாய் டூல் இரண்டிலும் ‘தண்ணீர் நிலவரம்’ என்று வந்ததில் இன்னும் குழம்பியது. வெட்டி வெட்டிக் கடைசியில் அணை டூலுக்கு நின்றது இது: ‘அணையின் நீர்மட்டம், அடியில். காலையில் எடுத்த அளவு. முழு உயரமும் சேர்ந்து வரும். சதவீதமாக மாற்றாதே. கால்வாயில் தண்ணீர் விடும் தேதிக்கு இதைப் பயன்படுத்தாதே.’ சேனலைக் ‘கால்வாய்_பெயர்’ என்று மாற்றி, பெயர்களைப் பட்டியலாகவே ஸ்கீமாவில் கொடுத்துவிட்டேன்.

இப்போது 30-ல் ஒன்றுதான் இடறுகிறது: ‘ஒரு கோட்டை நெல் என்ன விலை போவுது?’ விலை டூல் குவிண்டாலில் பேசும். 21 மரக்கால் ஒரு கோட்டை என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது எத்தனை கிலோ என்பது நெல்லைப் பொறுத்தது. ‘கோட்டைக் கணக்கில் கேட்டால் எத்தனை கிலோ என்று திருப்பிக் கேள்’ என்று நேற்றுதான் சேர்த்திருக்கிறேன். இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.